கணினி அறிவியல் நம் பிள்ளைக்கு வராதா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் தெருக்களில் ஒரே கேள்விதான்: "எந்த குரூப் கிடைச்சது?" கணினி அறிவியல் கேட்டுப் போன பிள்ளை தொழிற்பிரிவில் சேர்ந்து திரும்பும். "கணக்குல மார்க் பத்தலையாம். சீக்கிரம் வேலைக்குப் போற படிப்பா எடுக்கச் சொன்னாங்க" என்பார் தகப்பனார். அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த அக்கறை பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள் மேலேயே வருவதுதான் உறுத்துகிறது.

உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவருக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். அன்று சாதியைச் சொல்லி மறுத்தார்கள். இன்று மதிப்பெண் பட்டியலைக் காட்டுகிறார்கள்.

கணினி அறிவியல் எல்லோருக்குமா, கணக்குப் புலிகளுக்கு மட்டுமா என்று படித்தவர்கள் வாதாடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு டைப்பிங், டேலி போதும் என்பவர்களும் உண்டு. டைப்பிங்கை நாம் குறைத்துப் பேசமாட்டோம். லோயர், ஹையர் பாஸ் செய்து அரசு அலுவலகத்தில் உட்கார்ந்த அண்ணன், அக்காக்களால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். ஆனால், அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுப்பது வேறு, இயந்திரம் என்ன செய்யவேண்டும் என்று நாமே எழுதுவது வேறு. கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஒரு கட்டம் நிரம்பாவிட்டால் திரை நகராது. அந்தக் கட்டத்தை வைத்தவருக்கு நம் தெரு தெரியாது.

ப்ளஸ் ஒன்னில் சி++, ப்ளஸ் டூவில் பைத்தான். தொடக்கத்தில் வேண்டியது வரிசையாக யோசிக்கும் பழக்கம். இந்த வயல் நிரம்பினால் மடையை அடை, அடுத்ததைத் திற, கடைமடை வரை இதையே செய் என்று தண்ணீர் பாய்ச்சுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு 'இஃப்', 'லூப்' அந்நியமல்ல. அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இடம் கிடைத்த பிள்ளைகளின் பாடும் சுலபமில்லை. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20. ஆகவே நிரலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். நமக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் செய்முறைத் தேர்வு நெருங்கினால்தான் ஆய்வகப் பூட்டு திறக்கும். வீட்டில் கணினி உள்ள பிள்ளை தப்பும் தவறுமாக அடித்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும். நம் பிள்ளைக்குத் தப்பு செய்து பார்க்க ஓர் இடமில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை 6 முதல் 9 மணி வரை நாலு கணினியும் இணையமும் கிடைத்தால்கூட நிலைமை மாறும். அரசுக்கு இது பெரிய செலவா?

அரசுப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. பள்ளி மொத்தத்தில் எத்தனை பேர் என்பதோடு விட்டுவிடாதீர்கள். கணினி அறிவியல் பிரிவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் ஊரில் படித்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பிரிவு கேட்டோம் என்பதை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வாருங்கள்.