கொரியாக்காரர் சொன்னா க்யூட், அசாம்காரர் சொன்னா காமெடியா?

எங்க ஹாஸ்டல்ல இந்த வருஷம் யார் ரூம் கதவைத் தட்டினாலும் உள்ளேர்ந்து 'அன்னியோங்ஹசேயோ'ன்னுதான் பதில் வருது. பாதிக் காரணம் சீரியல். மீதிப் பாதி ப்ளேஸ்மென்ட். திண்டிவனத்துல பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிடலாம். 1998லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓடிட்டு வருது, அதைச் சுத்தி எத்தனையோ கொரிய கம்பெனிகள். நாலு வார்த்தை கொரியன் தெரிஞ்சா இன்டர்வியூல ஒரு சிரிப்பாவது கிடைக்கும்னு நம்பிக்கை. நானும் அந்த ஆசையிலதான் ஆரம்பிச்சேன்.

ஆரம்பிச்ச முதல் வாரமே எல்லாருக்கும் வர்ற அந்த ஃபார்வர்டு எனக்கும் வந்துச்சு. 'கொரியனும் தமிழும் ஒரே மொழி.' அவங்களுக்கும் அம்மா 'ஓம்மா', அப்பா 'அப்பா'. நான் 'நா', நீ 'நோ', வா 'வா', நாள் 'நால்', புல் 'புல்'. படிச்சா புல்லரிக்கும், எனக்கும் அரிச்சது. இங்கிலீஷ் மீடியத்துலயே படிச்சு வளர்ந்து ள, ழ எங்க போடணும்னு இன்னும் தடுமாறுற ஆளு நான். தமிழுக்கு உலகம் பூரா சொந்தக்காரங்க இருக்காங்கன்னு கேட்டா எனக்குக் கூடுதலாவே பெருமை வரும்.

அந்தப் பெருமையை ஒரு நாள் ராத்திரி பைபாஸ் பக்கம் நாங்க வழக்கமா போற பரோட்டா கடையில அவிழ்த்து விட்டுட்டு இருந்தேன். சால்னா ஊத்த வந்த அண்ணன் நின்னு கேட்டுட்டு, "நானும் கொரியா சீரியல் பாக்குது அண்ணா"ன்னார். அவரை நாங்க மூணு வருஷமா 'பையா'ன்னுதான் கூப்பிடுறோம். அவர் 'தண்ணி'யை 'டண்ணி'ன்னு சொல்லுவார், 'தோசை'யை 'டோசை'ன்னு சொல்லுவார். எங்க கேங்குல ஒருத்தன் அவர் முன்னாடியே அதை மிமிக்ரி பண்ணுவான், நாங்க சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன். அன்னைக்கு என்னமோ தோணி, "ஹிந்தியில சீரியல் பாப்பீங்களா பையா?"ன்னு கேட்டேன். அவர் கையில இருந்த வாளியைக் கீழ வச்சுட்டு, "ஹிந்தி நொஹொய். ஒஹொமீயா"ன்னார். ஹிந்தி இல்லை, அசாமிய மொழி. ஊர் சிவசாகர் பக்கம்.

மூணு வருஷம் சாப்பாடு போட்டவர் என்ன மொழி பேசுறார்னு எனக்குத் தெரியல. சியோல்ல புல்லுக்கு என்ன சொல்றாங்கன்னு தெரியுது.

அந்த வாரம் ரெண்டு மொழியைப் பத்தியும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். முதல்ல நம்ம கொரியச் சொந்தம். இது வாட்ஸ்அப் கண்டுபிடிப்பு இல்லை. 1905லயே ஹோமர் ஹல்பர்ட்ங்கிற அமெரிக்கர் கொரிய மொழி இலக்கணத்தையும் திராவிட மொழிகள் இலக்கணத்தையும் ஒப்பிட்டு சியோல்ல புத்தகமே போட்டிருக்கார். ஒற்றுமை நிஜமாவே இருக்கு. வினை கடைசியில வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டும், 'வா – வாங்க' மாதிரி அவங்களுக்கும் 'வா – வாயோ' உண்டு. ஆனா வினையைக் கடைசியில வச்சு உருபை ஒட்டுற வேலையை ஜப்பானிய மொழியும் துருக்கி மொழியும்கூட செய்யுது. 'அம்மா, அப்பா' கணக்கிலயே வராது. குழந்தை வாயில முதல்ல வர்ற சத்தம் அது, அதனால எங்கேயும் இருக்கும். ஜார்ஜிய மொழியில 'மாமா'ன்னா அப்பா!

சொந்தத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனால கொஞ்சம் நீட்டுறேன். தமிழ்ல 'பால்', கன்னடத்துல 'ஹாலு'. பல் – ஹல்லு. பத்து – ஹத்து. புலி – ஹுலி. பூ – ஹூவு. சொல்லின் முதல்ல வர்ற ப வரிசையா ஹ ஆகுது, ஒரு ஃபார்முலா மாதிரி. நம்ம புல் அங்க 'ஹுல்லு'. காதுக்குக் கொரியன் 'புல்'தான் கிட்ட இருக்கு, ஆனா ரத்த சொந்தம் ஹுல்லுதான். இப்படி ஒரு ஃபார்முலாவைத் தமிழுக்கும் கொரியனுக்கும் நடுவுல எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி இதுவரைக்கும் யாரும் காட்டலை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம்னு 1816லயே மெட்ராஸ்ல இருந்து எல்லிஸ் எழுதிட்டார். அது நின்னுச்சு. கொரிய உறவு இன்னும் ஆசையாத்தான் இருக்கு. அயுதாவிலிருந்து கி.பி. 48ல கப்பல் ஏறிப் போன ராணி கதையும் அப்படித்தான். அதைச் சொல்ற 'சம்குக் யூசா' எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டுல. அயுதாவை அயோத்திங்கிறாங்க, நம்ம ஆளுங்க கன்னியாகுமரிங்கிறாங்க. அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க ராணி.

இப்ப அசாமிய மொழிக்கு வர்றேன். குடும்பம்னு பார்த்தா அது நமக்கும் சொந்தமில்லை, கொரியனுக்கும் சொந்தமில்லை. இந்தோ ஆரிய மொழி. ஆனா அதுவும் வினையைக் கடைசியிலதான் வைக்குது. எதிர்ல இருக்கிறவரைக் கூப்பிட தொய், துமி, ஆபுனின்னு மூணு படி மரியாதை இருக்கு. எண்ணுறதுதான் சூப்பர். கொரியன்ல ரெண்டு ஆளுக்கு 'து ம்யோங்', ரெண்டு புத்தகத்துக்கு 'து குவோன்'. பொருளுக்குப் பொருள் எண்ணும் சொல் மாறும். அதை மனப்பாடம் பண்ணியே நொந்து போயிருந்தேன். அசாமிய மொழியிலயும் அதே கதை. ஆளுன்னா 'துஜொன்', தட்டையான பொருள்னா 'துகொன்', முட்டைன்னா 'துடா'. அதாவது நான் ரெண்டு பரோட்டா ரெண்டு முட்டை சொல்றப்போ அந்த அண்ணன் மனசுக்குள்ள வேற வேற சொல்லுல எண்ணுவார். நமக்கு இதுல மிஞ்சினது 'ரெண்டு பேர்' மட்டும்தான்.

அந்த 'டண்ணி'க்கும் காரணம் கிடைச்சது. அசாமிய எழுத்துல த-வும் ட-வும் தனித்தனியா இருக்கு. பேச்சுல ரெண்டும் ஒரே ஒலியாகிப் போச்சு, நாக்கு பல்லுலயும் படாம மேல மடங்காம நடுவுல நிக்கும். கொரியன்லயும் இதே மாதிரி ஒரு சங்கதி உண்டு. ர-வுக்கும் ல-வுக்கும் சேர்த்து அவங்களுக்கு ஒரே எழுத்து. அதனாலதான் சீரியல் ஹீரோ இங்கிலீஷ் பேசுறப்போ ர, ல மாறி மாறி வரும். அதைக் கேட்டு எங்க கேங்கே 'சோ க்யூட்'னு உருகும். நாக்குப் பிரச்சினை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் இன்டர்வியூ டேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கார், இன்னொருத்தர் சால்னா வாளியோட நிக்கிறார். நாம சிரிக்கிற விதம் அதை வச்சுத்தான் மாறுது, மொழியை வச்சு இல்லை.

'இங்க வேலை செய்யணும்னா தமிழ் கத்துக்கட்டும்'னு சிலர் சொல்வீங்க. கத்துக்கிட்டுத்தானே பேசுறார்? நாம சிரிச்சதே அவர் பேசின தமிழைக் கேட்டுத்தான்.

அவரை 'ஹிந்திக்காரர்'ங்கிறது இன்னும் மோசம். 1836லேர்ந்து 1873 வரைக்கும் அசாம்ல கோர்ட்டுலயும் பள்ளிக்கூடத்துலயும் வங்காளிதான். அசாமிய மொழி தனி மொழியே இல்லை, வங்காளியோட கிளைன்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னு நிரூபிக்க அங்க மனு எழுதியிருக்காங்க, புத்தகம் போட்டிருக்காங்க. 1846ல 'ஒருநோதொய்'ங்கிற பத்திரிகை அசாமிய மொழியில வந்ததே அந்த அண்ணனோட சிவசாகர்லேர்ந்துதான். மொழிக்காக நின்ன ஊர்னு நாம காலரைத் தூக்குறோம். அதே மாதிரி நின்ன இன்னொரு ஊர்க்காரரைப் பிடிச்சு, அவர் மொழிக்கு நாமளே பேரை மாத்தி வச்சிருக்கோம். 2024ல அசாமிய மொழிக்குச் செம்மொழி அந்தஸ்து கிடைச்சப்போ அதைச் சொல்ற ஒரு ஸ்டேட்டஸ்கூட எங்க க்ளாஸ்ல யாரும் போடலை, நான் உட்பட.

நான் கொரியனை விடப் போறதில்லை, வேலை வேணும். ஆனா போன வாரம் கடையில அவர்கிட்ட எங்க ஊர்ப் பேரை விளக்கினேன். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆச்சு. திந்திரிணின்னா சமஸ்கிருதத்துல புளி. அவருக்குப் 'புளி' புரியலை, கிச்சன்லேர்ந்து ஒரு உருண்டை எடுத்து வந்து காட்டினேன். "ஓ, தேதேலி!"ன்னார். தேட்டிப் பார்த்தேன், அதே திந்திடி, திந்திரிணி வழி வந்த சொல்தான். எங்க ஊர்ப் பேர்ல இருக்கிற புளியை அவர் வீட்டுல இன்னைக்கும் அந்தப் பேர்லதான் கூப்பிடுறாங்க. நாங்க அதைப் 'புளி'ன்னு சொல்லிட்டு இருக்கோம்.

"ஒரு தேதேலி ரசம்"னு கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்.