மாதம் ஒரு நூல்: தெரிவு யார் கையில்?

நமது கல்லூரியிற் கற்று வெளியேறிய அன்பர்கள் இன்று ஓரூரில் வாழ்வாரல்லர். உட்துறைமுக வீதியிலே இருப்பாரும் உளர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பாரும் உளர். மாதந்தோறும் ஒரு நூலைத் தெரிந்து, அதனை யாவரும் படித்து, மாத முடிவிற் கணினித் திரையிலே கூடி வாதிக்கும் வாசகர் வட்டங்கள் இத்தகையோரிடையே தோன்றி வருதல் மகிழ்தற்குரியது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். படித்த நூலைப்பற்றி வாதிக்குங் காலத்தினும், இனிப் படிக்கப்போகும் நூல் எது என வாதிக்குங் காலமே இவ்வட்டங்களில் மிகுதியாகின்றது. வட்டம் உடைவதும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

கூடிப் படித்தல் நமக்குப் புதிதன்று. கோயில் மண்டபத்திலே ஒருவர் புராணச் செய்யுளைப் பண்ணோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்ட புராணபடன மரபு நம்முடையது. அங்கே எந்நூல் என்னும் வினா எழுந்ததில்லை. கந்தபுராணத்துக்கு ஒரு காலம், மார்கழித் திருவெம்பாவை நாளிலே திருவாதவூரடிகள் புராணம், திரௌபதை அம்மன் கோயில்களிற் பாரதம் என்றவாறு பஞ்சாங்கமே நூலைத் தெரிந்து கொடுத்தது. ஆதலின் வாதமெல்லாம் பொருளின் மேலதாயிற்று. பயன் சொல்பவர் ஒரு சொல்லுக்குப் பொருள் பிறழக் கூறின், கேட்டிருக்கும் முதியவர் ஒருவர் இடைமறித்துக் கேட்பார். விடை இறுக்காமல் அடுத்த செய்யுளுக்குப் போதல் எளிதன்று. அம்மரபிற்கு இன்று முற்றாக மீளல் இயலாது. இயலினும் யான் விரும்பேன். நூலைத் தெரியும் உரிமை வாசகனுக்கு வந்தது நன்றே. அவ்வுரிமையை வாக்கெடுப்புக்கு ஒப்படைப்பதே எனக்கு உடன்பாடன்று.

வாக்கெடுப்பில் வெல்வது எது? முன்னரே பெயர் கேட்ட நூலே வெல்லும். பத்துப் பேர் கூடிய வட்டத்திற் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எப்பொழுதும் முதலிடம் பெறும். அது நல்ல நூலன்று என்பார் யார்? ஆனால் அதனை முன்னரே படித்தவர் பலராதலின் வாதம் பழங்கதையாய் முடியும். படியாதவர் ஐந்து பாகத்தையும் ஒரு மாதத்தில் முடிக்கமாட்டாது மறைந்துபோவர். அமெரிக்காவிலே 1926இல் மாதநூற் கழகமொன்று தொடங்கியபோது, தெரிவைச் சந்தாதாரரிடம் விடாது நடுவர் குழுவொன்றிடம் விட்டனர். அக்குழு முதன்முதற் தெரிந்தது சில்வியா டவுன்சென்ட் வார்னர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் முதல் நாவலை. வாக்குக் கேட்டிருப்பின் அப்பெயர் எழுந்தே இராது. எனினும் நடுவர் குழு அமைத்தல் நமக்குப் பொருந்தாது. இங்கே குழு அமைத்தால் தலைவர் யார், செயலாளர் யார் என்பதிலே ஓராண்டு கழியும்!

என் கருத்து இது. முறைவைத்து ஆளுக்கொரு மாதமாக ஒருவர் பெயரிடுக. அவர் பெயரிட்டதை ஏனையோர் மறுப்பின்றிப் படிக்குக. பெயரிடுபவர் அந்நூலை முன்னரே முழுதும் படித்தவராதல் வேண்டும். யாவர்க்கும் அது கிடைக்கும் வழியையும் அவரே சொல்லல் வேண்டும். அச்சிற் கிடையாத நம் நாட்டு நூல்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகின்றது. கைப்பேசியிலே படிக்கலாம். ஆகையாற் புத்தகசாலையில் இல்லை என்னும் சாட்டு முன்போல் எல்லா நூலுக்கும் பொருந்தாது. தமக்குப் பிடிக்காத நூல் வருமே என அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவேன்: எல்லார்க்கும் பிடித்த நூலின் கூட்டம் அரைமணியில் முடிந்துவிடும்.

இனி, பன்னிரண்டு மாதத்தில் நான்கையேனும் இம்மாவட்டத்து நூலுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பதை வற்புறுத்துகின்றேன். இதனை ஊர்ப்பற்று என்று தள்ளுவாரும் உளர். அவர்களை ஒன்று கேட்கின்றேன். தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி' 1895இற் சென்னையிற் பதிப்பிக்கப்பெற்றது. அதனை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். தமிழறிஞர் கனகசுந்தரம்பிள்ளையின் தம்பியார். 1902இல் நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தவர். மதுரைச் சொக்கநாத நாயக்கரைப் பற்றிய அக்கதையின் பெயரை மேடைதோறும் கேட்கின்றோம். படித்தவர் எத்துணைப் பேர்? அதற்கும் முன்னர், 1891இல், இவ்வூர் இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. ஈழத்தின் முதல் நாவல் என்று அதனை நெடுங்காலம் கொண்டாடினோம். பின்னர்ச் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' 1885இலேயே வந்தது என்பது வெளிப்பட்டதும் நம்மவர் சிலர் முகம் வாடிற்று. முதன்மைப் பட்டம் போயிற்றே என்பதுதான் கவலை; கதை என்ன சொல்கின்றது, ஐரோப்பியரிடையே வழங்கிய பழங்கதையொன்று தமிழிற் புகுந்தபோது என்ன வடிவு கொண்டது, அதனை நாவல் எனலாமா என்பனவெல்லாம் கவலையாகவில்லை. ஒரு மாதக் கூட்டத்துக்கு இவற்றினும் நல்ல வினாக்கள் வேண்டுமோ?

மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962இல் வந்தது. கொட்டியாரக் குடாவின் மறுகரை மனிதர் அதில் வாழ்கின்றனர். அக்காலத்திலேதான் படைப்பிலக்கியத்திற் பேச்சுவழக்கு இடம்பெறலாமா என்னும் மரபுப் போராட்டம் ஈழத்து எழுத்தாளரிடையே மூண்டது. 'இழிசனர் வழக்கு' எனச் சிலர் இகழ, அதுவே மக்கள் மொழி என ஏனையோர் எதிர்த்தனர். கடுமையான வாதந்தான். ஆனால் அதனால் நமது கதைகள் கெட்டுவிடவில்லை. கரைவலை இழுப்பவன் கரைவலை இழுப்பவனாகவே பேசும் உரிமை நிலைத்தது. இலக்கணம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவனாயினும் அவ்வழக்கில் யான் மக்கள் மொழியின் பக்கத்தவனே.

மாணவர்க்குக் கடினமான நூலைக் கொடுக்கலாகாது என்பர். பிரமிள் என அறியப்பட்ட தருமு சிவராமு 1939இல் இந்நகரிற் பிறந்தவர்; அவர் கவிதை கடினமே. வகுப்பறையிற் பரீட்சைக் குறிப்பையே இலக்கியம் என எண்ணிப் பழகிய பிள்ளை, விளங்காத ஒரு கவிதையின் முன் பெரியவர்களும் தடுமாறுவதைக் காண்பது அப்பிள்ளைக்கு ஒரு கல்வியாகும். இக்கல்லூரியின் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலானந்தர் 'மதங்கசூளாமணி'யில், 1926இலேயே, சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு எடுத்து விளக்கினார். எளிதாய் இருக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

வாதத்துக்கு விதி மிகுதியாக வேண்டா. நூல் திறந்திருக்கட்டும், குறை கூறுபவர் பக்கத்தைச் சுட்டிக் கூறுக. ஆசிரியரின் கட்சி என்ன, அவர் எவ்வூர், எவருடைய உறவினர் என்னும் ஆராய்ச்சி தேநீர் வேளைக்கு ஆகட்டும். முழுதும் படியாதவர் வரலாம், கேட்கலாம், தீர்ப்புக் கூறலாகாது.

பழைய மாணவர்கள் இவ்வாறு ஒரு வட்டம் தொடங்குவாராயின், முதல் மாதத்துக்கு யான் 'மோகனாங்கி'யை முன்மொழிகின்றேன். வெளிநாட்டிலிருப்போர்க்கு ஏற்ற நேரத்தை அவர்களே குறிக்கட்டும். ஆனால் உயர்தர வகுப்பு மாணவர் ஐவரேனும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். முதலிற் பேசுபவர்களும் அவர்களாதல் வேண்டும்.