பழைய பாட்டு, புது சரவுண்ட்: உங்கள் இயர்போனில் ஒலிப்பது அசலா, யூகமா?

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினால், மேலகரம் தாண்டுவதற்குள் இயர்போனில் ஒரு இளையராஜா பாட்டு முடிந்துவிடும். சின்ன தூரம்தான். ஆனால் அந்த ஒரே பாட்டு இன்று போனில் எத்தனை வடிவங்களில் கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். சாதாரண ஸ்டீரியோ, 'ரீமாஸ்டர்டு', '5.1 சரவுண்ட்', 'டால்பி அட்மாஸ்', தலையைச் சுற்றிச் சுழலும் '8டி'. பாடுபவர் ஒருவர்தான். ஆனால் ஒன்றில் தபேலா முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. இன்னொன்றில் வயலின்கள் தலைக்கு மேலே. மற்றொன்றில் குரல் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கிறது.

தியேட்டரிலும் இதே அலைதான். 2025 ஜூலையில் 'பாட்ஷா' 4கே படத்துடனும் டால்பி அட்மாஸ் ஒலியுடனும் மறுபடி திரைக்கு வந்தது. பழைய ஹிட் படங்களின் மறுவெளியீட்டு போஸ்டர்களில் இப்போது ஹீரோ பெயருக்குப் பக்கத்திலேயே ஒலித் தொழில்நுட்பத்தின் பெயரும் இருக்கிறது.

சரி, 30, 40 வருடங்களுக்கு முன்பு பதிவான ஒரு பாட்டை நம்மைச் சுற்றி ஒலிக்கவைப்பது எப்படி சாத்தியம்? அதில் எது அசல், எது வித்தை?

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

தமிழில் 'ரீமிக்ஸ்' என்றதும் பழைய பாட்டுக்குப் புது பீட் போடுவதுதான் ஞாபகம் வரும். 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்காக 'பொன்மகள் வந்தாள்' பாட்டை ஏ.ஆர்.ரஹ்மான் மாற்றிக் கொடுத்தது போல. இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

ஐந்தருவியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. கீழே வந்ததும் ஒரே ஓடை. பாட்டும் அப்படித்தான். குரல், தபேலா, பேஸ் கிட்டார், வயலின், புல்லாங்குழல் எல்லாம் தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவாகின்றன. அவற்றின் அளவையும் இடத்தையும் முடிவுசெய்து இரண்டு சேனலாகக் கலப்பதுதான் மிக்ஸிங். கடையில் வாங்கிய கேசட்டில் இருந்தது கீழே ஓடுகிற அந்த ஓடை.

ஓடையில் மிதக்கும் குப்பையை அள்ளி, தண்ணீரைத் தெளியவைப்பது ரீமாஸ்டர். இரைச்சல் குறையும், ஒலி அளவு சீராகும். ஆனால் கலவை மாறாது. மறுபடி மேலே ஏறிப்போய், ஐந்து கிளைகளையும் தனித்தனியாகப் பிடித்து வேறு மாதிரி கலப்பது ரீமிக்ஸ். சரவுண்ட் வேண்டுமென்றால் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்தாக வேண்டும். அதற்கு அந்தக் கிளைகள், அதாவது அசல் பல ட்ராக் டேப்புகள், கையில் இருக்க வேண்டும். மொத்தப் பிரச்சினையும் தொடங்குவது இங்கேதான்.

இரண்டு காது, எத்தனை ஸ்பீக்கர்?

5.1 என்றால் முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, அந்த '.1' அடித்தொனிக்கு மட்டுமான சப்வூஃபர். 2012இல் வந்த டால்பி அட்மாஸ் இன்னொரு படி ஏறியது. ஒலியை இந்த ஸ்பீக்கருக்கு, அந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பதோடு நிற்காமல், அறையில் ஓர் இடத்தில் இருக்கும் பொருளாகவே குறித்துவைக்கலாம். தலைக்கு மேலேயும் ஒலி வரும். தியேட்டர் அட்மாஸில் 128 ட்ராக்குகள் வரை, 64 ஸ்பீக்கர் இணைப்புகள் வரை போகலாம்.

இயர்போனில் இரண்டே ஸ்பீக்கர்தானே என்று கேட்கலாம். நம் காதும் இரண்டுதான். வலப்பக்கச் சத்தம் இடது காதுக்கு ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வருகிறது. காது மடலின் வளைவுகளும் அதை மாற்றுகின்றன. மூளை அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கணிக்கிறது. அதே வித்தியாசங்களைக் கணக்குப் போட்டு ஒலியில் சேர்த்தால், இயர்போனிலும் பின்னாலிருந்து கேட்பதுபோலத் தோன்றும். எல்லோருக்கும் காது மடல் ஒரே மாதிரி இல்லை என்பதால், ஒருவருக்கு 'அட, சூப்பர்' என்று படுவது இன்னொருவருக்கு வெறும் எதிரொலியாகப் படலாம்.

'8டி' பாட்டு இதில் சேராது. அது ஸ்டீரியோ பாட்டை இடமும் வலமுமாகச் சுழற்றி, கொஞ்சம் எதிரொலி தூவியது. அவ்வளவுதான்.

ராக் உலகம் போட்ட பாதை

இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது மேற்கத்திய ராக் இசை. 1970களிலேயே நான்கு ஸ்பீக்கர் 'குவாட்ராஃபோனிக்' ரெக்கார்டுகள் வந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத பல முறைகள் போட்டி போட்டதில் அது தோற்றுப்போனது. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பம் நல்ல உதாரணம்: முதலில் குவாட், 2003இல் 5.1, 2023இல் அட்மாஸ் என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கலவை.

2009இல் கிங் கிரிம்சன் குழுவின் 1969ஆம் வருட முதல் ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் 5.1இல் கொடுத்தார். ஜெத்ரோ டல், யெஸ் குழுக்களின் ஆல்பங்களும் அவர் கைக்கு வந்தன. அவருடைய முறை கவனிக்க வேண்டியது. முதலில் அசல் ஸ்டீரியோ கலவையைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் அளவும் எதிரொலியும் அதற்குப் பொருந்தும்படி மறுபடி கட்டுவார். அதன் பிறகுதான் சரவுண்டுக்குப் பரப்புவார். இப்படிப்பட்ட பெட்டிகளில் பழைய கலவையும் கூடவே இருக்கும்.

பீட்டில்ஸ் கதை இன்னும் சிக்கல். 1966இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்தன. பீட்டர் ஜாக்சன் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருளால் அவற்றைப் பிரித்து, 2022இல் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்தார். இதே மார்ட்டின், 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்குத் தான் முதலில் செய்த அட்மாஸ் கலவை சரியாக ஒலிக்கவில்லை என்று 2021இல் வெளிப்படையாகச் சொல்லி, வேறொன்று செய்வதாக அறிவித்தார். டேப்பும் பணமும் திறமையும் இருந்தாலும் தப்பலாம் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

நம்மூர் கணக்கு

தமிழுக்கு ஸ்டீரியோவே தாமதமாகத்தான் வந்தது. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது 'ப்ரியா' (1978). 1986இல் 'மாவீரன்' 70 எம்எம் திரையும் ஆறு ட்ராக் ஒலியுமாக வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி சரவுண்டைக் கொண்டுவந்தது.

பழைய படத்துக்குப் புது ஒலி கொடுக்கும் வேலையும் இங்கே புதிதல்ல. 1960இல் வந்த இந்திப் படம் 'முகல்-ஏ-ஆஸம்' 2004இல் வண்ணத்தில் வந்தபோது, நௌஷாத் மேற்பார்வையில் இசை மறுபடி பதிவுசெய்யப்பட்டது. பாடகர்களின் குரல் மட்டும் அசல். 1964ஆம் வருட 'கர்ணன்' 2012 மார்ச்சில் புதுப்பித்த படமும் ஒலியுமாக வந்து 100 நாளைத் தாண்டியது. அதே வருடம் டிசம்பரில், 2007இல் வந்த 'சிவாஜி' 3டியாக மாறி, அட்மாஸ் ஒலியுடன் திரையிடப்பட்டது.

இதில் 'சிவாஜி'க்கும் 'கர்ணனு'க்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. 2007இல் எல்லாமே கம்ப்யூட்டரில் தனித்தனி ட்ராக்காக இருந்த காலம். 1964இல் அப்படி இல்லை. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசித்து, அங்கேயே கலந்து பதிவாகும். பிரிப்பதற்குக் கிளைகளே கிடையாது. 1980களின் பாட்டுகளுக்குக் கிளைகள் இருந்தாலும், டேப் இன்று எங்கே என்பது அடுத்த கேள்வி. காந்த டேப்புக்கு ஈரமும் வெப்பமும் எதிரி. பசை இளகி, ஓட்டினால் உரிந்துவரும். அப்படிப்பட்ட டேப்பை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைத்து, ஓரிரு தடவை ஓட்டிப் பிரதி எடுக்க வேண்டும். கடற்கரை ஊரான சென்னையில், ஏசி இல்லாத அறையில் 40 வருடம் கிடந்த டேப்பின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு அவை ஸ்டுடியோ, தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி என்று பல கைகளில் சிதறிக்கிடக்கின்றன.

டேப் இல்லாவிட்டால்?

மேலகரத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எல்லை உதாரணம் உண்டு. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல், 30 வயதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். அவர் குரல் நம்மிடம் இருப்பது 78 சுழற்சி கிராமஃபோன் தட்டுகளில் மட்டும். ஒரே ட்ராக். சொறசொறப்பை நீக்கலாம், வேகத்தைச் சரிசெய்யலாம். அவரைச் சுற்றி ஒரு அரங்கத்தை எழுப்பினால், அந்த அரங்கம் நம்முடைய கற்பனை.

இந்த இடத்தில்தான் ஏஐ உள்ளே வருகிறது. கலந்த பாட்டைக் கொடுத்தால் குரல், தாளம், பேஸ், மற்றவை என்று இன்றைய மென்பொருள்கள் சில நிமிடங்களில் பிரித்துக் கொடுக்கின்றன. பயனுள்ள கருவிதான். ஆனால் ஓடையிலிருந்து அருவியைத் திரும்ப வரைவது போன்றது அது. இடைவெளிகளை மென்பொருள் யூகித்து நிரப்புகிறது. புல்லாங்குழலின் மூச்சு குரலோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சிராவின் நுனி சத்தம் தண்ணீர் தெளித்ததுபோலக் கரையும். இளையராஜா குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரனின் நுணுக்கத்தை நல்ல ரீமிக்ஸ் முதல் தடவையாக நம் காதுக்குத் தெளிவாகக் கொண்டுவரலாம். மோசமான பிரிப்பு அதே பேஸை வெறும் 'டொம் டொம்' ஆக்கிவிடலாம். இரண்டுக்கும் போனில் ஒரே லேபிள்: 'சரவுண்ட்'.

ஏன் இவ்வளவு அவசரம்?

பணமும் ஒரு காரணம். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் அட்மாஸ் இசையைத் தொடங்கியது. 2024 ஜனவரி முதல், அட்மாஸ் வடிவத்திலும் கிடைக்கும் பாட்டுகளுக்கு 10 சதவீதம் வரை கூடுதல் ராயல்டி என்று அறிவித்தது. கேட்பவர் அட்மாஸில் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை. பாட்டு அந்த வடிவில் கிடைத்தால் போதும். பெரிய பழைய பட்டியல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது வேகமாக மாற்றித்தள்ளும் தூண்டுதல்.

யார் சம்மதம் வேண்டும் என்பது அடுத்த சிக்கல். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. ஒலிப்பதிவுக்கு 60 வருடம். வரிக்கும் இசைக்கும் படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகு 60 வருடம். உரிமையை விற்றுவிட்டாலும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை 57ஆவது பிரிவு படைப்பாளிக்கு விட்டுவைக்கிறது. இளையராஜா பாடல்கள் தொடர்பாக 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்தத் தார்மீக உரிமையைப் பேசியது. குரலைப் பின்னால் தள்ளி வயலினை முன்னால் கொண்டுவருவது சிதைப்பா, புதுப்பிப்பா? இசையமைப்பாளர் ஸ்டுடியோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பெரும்பாலான மாற்றங்களில் அந்த நாற்காலி காலி.

பழசைத் தொடவே கூடாதா?

அப்படியில்லை. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியை ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்த மாதிரி பாடியிருக்கிறது. 1944இல் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக்கினார். யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால் மூல நூல் அப்படியே இருக்கிறது. சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம்.

ஒலிப்பதிவில் அந்த மூல நூல் பழைய கலவைதான். ஸ்ட்ரீமிங்கில் ஆபத்தும் அங்கேதான். புத்தகக் கடையில் பழைய பதிப்பு ஒரு மூலையிலாவது கிடக்கும். ஆப்பில் ஒரு ராத்திரியில் ஃபைலை மாற்றினால், தலைப்பும் அட்டைப்படமும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது வேறாகிவிடும். அடுத்த தலைமுறைக்கு அதுதான் 'அசல்'.

கேட்கும்போது என்ன செய்யலாம்?

* விவரக் குறிப்பைப் பாருங்கள். அசல் டேப்பிலிருந்து கலந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கலந்தவர் பெயரும் இருக்கும். ஒன்றுமே சொல்லாத 'சரவுண்ட்' மேல் சந்தேகம் வையுங்கள்.

* ஒப்பிட்டுக் கேளுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மியூசிக் பகுதிக்குப் போய் டால்பி அட்மாஸை ஆஃப் செய்தால் ஸ்டீரியோ வரும். இரண்டையும் ஒரே சத்த அளவில் கேளுங்கள். சத்தம் அதிகம் இருப்பது நன்றாக இருப்பதுபோலவே படும்.

* தாளத்தின் ஓரத்தையும் பாடகரின் மூச்சையும் கவனியுங்கள். அவை கரைந்து, நீருக்குள் இருப்பதுபோல ஒலித்தால் மென்பொருள் யூகித்திருக்க வாய்ப்பு அதிகம்.

* வீட்டில் நல்ல நிலையில் பழைய கேசட், ரெக்கார்டு, சிடி இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். டேப் தொலைந்துபோன பாட்டுக்கு ஒருநாள் அதுதான் சாட்சி.

கம்பெனிகளிடம் கேட்கவேண்டியதும் பெரிய விஷயமல்ல. எதிலிருந்து கலந்தீர்கள், யார் கேட்டு ஒப்புக்கொண்டார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பழைய கலவையைப் பக்கத்திலேயே வையுங்கள். கிங் கிரிம்சன் ரசிகருக்குப் பெட்டியோடு கிடைக்கும் இந்த மரியாதை, மாதச் சந்தா கட்டும் நம் ரசிகருக்கும் கிடைக்கவேண்டியதுதான். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு: மிச்சமிருக்கும் டேப்புகளை உரிந்துபோகும் முன் பிரதி எடுப்பது. அட்மாஸுக்குப் பிறகு இன்னொரு தொழில்நுட்பம் வரும், அப்போது மறுபடி கலக்கலாம். டேப் போய்விட்டால், அதன் பிறகு வருகிற எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் மிஞ்சுவது யூகம் மட்டும்தான்.