கணினிக் கோப்புகளுக்கும் காப்பு வேண்டும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் இன்று கணினி புதுமைப் பொருளன்று. நெசவாளர் வீட்டில் ஜக்கார்டு டிசைன்களும், விவசாயி வீட்டில் பட்டா நகலும் வரவு செலவுக் கணக்கும், இரு வீட்டிலும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதில் சேர்ந்து வருகின்றன. சேர்ப்பதில் உள்ள சிரத்தை காப்பதில் இல்லையே என்பதுதான் நமது கவலை.

ஹார்ட் டிஸ்க் தேய்மானத்தாலோ, கீழே விழுவதாலோ முன்னறிவிப்பின்றிப் பழுதாகக்கூடியது. இயற்கையின் சீற்றமும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நனைந்து போன சான்றிதழுக்கு அரசாங்கத்தாரிடம் மறுபிரதி பெறலாம். வீட்டில் வரைந்த டிசைனுக்கு மறுபிரதி தருவார் எவருமிலர்.

வஞ்சகரால் வரும் கேடும் சிறிதன்று. 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டி வைத்துக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் பலவற்றின் வேலைகள் தடைப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. கணினி ‘அப்டேட்’ கேட்கும்போது நாளைக்கு என்று தள்ளிப்போடுவது எத்தகைய தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

“வேறொரு டிஸ்கில் பிரதி இருக்கிறதே” என்று சிலர் கூறலாம். அந்த டிஸ்க் எந்நேரமும் கணினியுடன் இணைந்திருந்தால், நச்சு நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். விதைநெல்லை உணவு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைப்பாருண்டோ?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே என்பது அறிந்தோர் வகுத்த விதி. கணினியில் ஒன்று, தனியே கழற்றி வைக்கும் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இணையச் சேமிப்புக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் அவசியம். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்பினும் கூறலாகாது. பிரதி எடுத்ததோடு நின்றுவிடாமல், அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்க வேண்டும். திறவாத பிரதி இருந்தும் இல்லாததே.

இணைய வசதி போதாதவர்க்குக் கூட்டுறவே வழி காட்டுகிறது. அங்கத்தினர் இருவர், கடவுச்சொல்லால் பூட்டிய தத்தம் டிஸ்கை ஒருவர் வீட்டில் மற்றவர் வைத்து, மாதமொருமுறை புதுப்பித்துக் கொள்ளலாம். ஆரம்பச் சங்கங்கள் இதற்கென மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அறிந்த இளைஞர்களைக் கொண்டு மற்றவர்க்குக் கற்பிக்க முன்வர வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறோம்.