ஹெட்டைச் சீவறதுக்கு முன்னாடி...

பழைய அம்பாசடர் வச்சிருக்கிற மக்களே, உங்களுக்காக ஒரு புலம்பல்.

அப்பா விட்டுட்டுப் போன வண்டி. 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். போன வருஷம் போர் பண்ணி 40 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. "ஹெட்டுக்கும் ஒரு ஃபேஸிங் போட்டுடலாம் சார், பிக்கப் பிச்சுக்கும்"னார் மெக்கானிக். நானும் மண்டையை ஆட்டினேன். பிச்சுக்கிட்டது பிஸ்டன்தான்! ஏற்காடு மலை ஏறும்போது கடகடன்னு நாக்கிங். பிரிச்சுப் பார்த்தா மூணாவது பிஸ்டன் ஓரம் அரிச்சுப் போயிருந்தது.

அப்புறம்தான் கணக்கு போட்டேன். சிலிண்டருக்கு 372 சிசி. பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேலே 51 சிசி இடம் இருந்தா கம்ப்ரஷன் 8.3. போர் பண்ணினதும் சிலிண்டர் 383 சிசி. ஹெட்டைத் தொடாமலே 8.5 ஆயிடும். சீவினதுல 5 சிசி குறைஞ்சா 9.3! அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அளங்கன்னு நான் சொல்லலையே.

என் கட்சி இதுதான்: அளக்காம சீவக் கூடாது. வால்வு, பிளக் மாட்டின ஹெட்டைக் கவுத்து வச்சு, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டால மூடி, சிரிஞ்சால மண்ணெண்ணெய் விட்டா எத்தனை சிசின்னு தெரிஞ்சுடும். கேஸ்கெட் கனம், பிஸ்டன் தலைக்குழி எல்லாத்தையும் கூட்டிக்கணும். டைமிங்கைத் தள்ளி வச்சா நாக்கிங் அடங்கும்தான். கூடவே இழுவையும் அடங்கிடும். சீவின இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்?

இப்போ தலைக்குழி ஆழமான பிஸ்டன் தேடி அலையறேன். மருந்துக்கடை சிரிஞ்ச் ஒண்ணு வாங்கியிருந்தா போதும்.