பல் மருத்துவக் கனவும் பிளஸ் டூ மதிப்பெண்ணும்

 

திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியுள்ளார். கணவர் துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். மூத்த மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். இயற்பியலில் 48, வேதியியலில் 55, உயிரியலில் 74. "பல் டாக்டராக வேண்டும் என்பது சிறு வயது முதலே அவளுடைய ஆசை. இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா? எண்ணூர்ப் பக்கம் எங்களுக்குள்ள சிறு மனையை விற்றுவிட்டுத் தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்.

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இதே கேள்வியோடு தூக்கமின்றி இருக்கும் இல்லங்கள் பல உண்டு. ஆகவே அந்தத் தாய்க்குக் கூறும் விடையை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

பல் மருத்துவத்தை நாடுவது உயர்ந்த ஆசையே. மிஸ்வாக்கைத் தம் வாழ்வின் வழக்கமாக்கிக் காட்டிய பெருமானாரின் (ஸல்) உம்மத்து நாம். பற்களைச் சுத்தம் செய்யும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்தவர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் வாயை விட்டு அகலாத உழைப்பாளிகள் நிறைந்த நம் பகுதியில், வாய்ப் புற்றை முதலில் கண்டு எச்சரிக்கக்கூடியவர் பல் மருத்துவரே. எனவே, "நமக்கெதற்கு இந்தப் படிப்பு?" என்று எவரும் அப்பெண்ணின் ஆசையை அணைத்துவிட வேண்டாம். அதே வேளையில், ஆசையை மட்டும் கையில் பிடித்துக் கொண்டு மனையை விற்கவும் வேண்டாம். அளவையையும் நிறுவையையும் நேர்மையாக நிறுத்தச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்த நேர்மை கடைத்தெருவில் மட்டுமன்றி, நம் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போதும் வேண்டும்.

பெற்றோர் பலரும் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள். விண்ணப்பிக்கத் தகுதி உண்டா என்பது ஒன்று. இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. சேர்ந்த பின் படித்து முடிப்பாளா என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே பார்ப்போம்.

தகுதி உண்டா?

தமிழ்நாட்டில் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானித்தது. உயிரியலை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50-க்கு 50-ஆகவும் மாற்றி, மொத்தம் 200-க்குக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் இந்தப் பெண்ணுக்கு 125.5 வந்திருக்கும். அரசு இடத்திற்கான வாசல் அன்றே அடைபட்டிருக்கும்.

2017 முதல் நிலைமை வேறு. பி.டி.எஸ். படிப்புக்கும் நீட் தேர்வே வழி. பிளஸ் டூ மதிப்பெண் இப்போது நுழைவாயிலில் காட்டும் சீட்டு மட்டுமே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோருக்கு 40 விழுக்காடும் வேண்டும். மேலே சொன்ன மதிப்பெண்கள் 300-க்கு 177, அதாவது 59 விழுக்காடு. ஆகவே தகுதி உண்டு. முதல் கேள்விக்கு விடை மகிழ்ச்சியானதே.

இடம் கிடைக்குமா?

இங்கேதான் நிதானம் தேவை. நீட் கேட்பதும் அதே மூன்று பாடங்களைத்தான். பிளஸ் டூவில் எந்தப் பாடம் தளர்ந்ததோ, அது நீட்டிலும் தளரவே செய்யும். எனவே மொத்தத்தைப் பார்க்காமல் பாடவாரியாகப் பாருங்கள்.

2025-ஆம் ஆண்டின் முறைப்படி, நீட்டில் உயிரியலுக்கு 90 கேள்விகள், 360 மதிப்பெண். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45 கேள்விகள், 180 மதிப்பெண். ஆக மொத்தம் 720. இதில் சரிபாதி உயிரியலுக்கு உரியது. உயிரியலில் 74 பெற்று இயற்பியலில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு இது ஓர் ஆறுதல். உயிரியலிலேயே தடுமாறுபவருக்கு இது ஓர் எச்சரிக்கை.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிரியலில் 60 சரி, 20 தவறு என்றால் 220. வேதியியலில் 18 சரி, 12 தவறு என்றால் 60. இயற்பியலில் 10 சரி, 20 தவறு என்றால் 20. மொத்தம் 300. தெரியாத அந்த 20 இயற்பியல் கேள்விகளை எழுதாமல் விட்டிருந்தால் 320. இருபது மதிப்பெண் என்பது தரவரிசையில் மிகப் பெரிய தொலைவு. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் பண்பு, இந்தத் தேர்விலும் பயன் தருகிறது.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். நீட்டில் "தகுதி பெற்றார்" என்பதும், "இடம் பெற்றார்" என்பதும் ஒன்றல்ல. 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 113. இம்மதிப்பெண்ணோடு இனிப்பு வழங்கிவிட்டுக் கலந்தாய்வில் கண்கலங்கி நின்ற குடும்பங்கள் எத்தனையோ!

நமக்குரிய இடங்களின் அளவையும் அறிந்து கொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்திற்கு எதிரிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. நம் வடசென்னைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். அங்கு பி.டி.எஸ். இடங்கள் 100. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக எஞ்சுவது 85. அதில் 3.5 விழுக்காடு ஏறக்குறைய மூன்றே இடங்கள்! புதுக்கோட்டை, கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதற்கு மேல் உண்டு. உயர்ந்த மதிப்பெண் பெற்றால் பொதுப் போட்டிக்குரிய 31 விழுக்காட்டிலும் நம் பிள்ளைகள் இடம் பெறலாம். எனினும், "ஒதுக்கீடு இருக்கிறது, கவலையில்லை" என்று இருந்துவிட இந்த எண்ணிக்கை இடம் தரவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, எந்தப் பிரிவில் எந்தத் தரவரிசைக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சென்ற ஆண்டு முஸ்லிம் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். பிள்ளையை வீட்டிலேயே முழு நேரம் உட்கார வைத்து, பழைய வினாத்தாள் ஐந்தை எழுதச் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கேள்விக்கு மெய்யான விடை. முப்பது, நாற்பது மதிப்பெண் இடைவெளி என்றால் ஓராண்டு முயலலாம். நூற்றைம்பது என்றால், அன்பினால் கண்ணை மூடிக் கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் பல் மருத்துவத்திற்கு விண்ணப்பிப்போரின் அறிவியல் பாடச் சராசரியைத் தனியே கணக்கிட்டுப் பார்ப்பார்கள். அது தாழ்ந்திருந்தால், மேலும் சில அறிவியல் பாடங்களை நன்றாகப் படித்துக் காட்டித் தம் வளர்ச்சியை மெய்ப்பிக்க மாணவருக்கு வழியுண்டு. நம் நாட்டில் வளர்ச்சியைக் காட்ட ஒரே நாள், ஒரே தேர்வு. ஆனால் அந்த நாள் அடுத்த ஆண்டும் வரும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும், உச்ச வயது வரம்பும் இப்போது இல்லை.

படித்து முடிப்பாளா?

இக்கேள்வியைக் கேட்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. முதலாண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர் வேதியியல். பிறகு மருந்தியல், நுண்ணுயிரியல். இவை உயிரியலையும் வேதியியலையும் விரும்பிப் படிப்போருக்கு உரியவை. இயற்பியல் கணக்கில் சறுக்கியவர் இங்கே சிறக்கக் கூடும். உயிரியலையே மனப்பாடமாகத் தள்ளிக் கொண்டு வந்தவருக்கு இது சுமை.

ஆகவே மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பிள்ளையிடம் கடிந்து கொள்ளாமல் கேளுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு மேல்நிலையில் ஆங்கில வழிக்கு மாறியதால் குறைந்ததா? வீட்டில் நோயும் வேலைப் பளுவும் இருந்ததா? இவை நீங்கக் கூடிய காரணங்கள். நீட் தேர்வைத் தமிழிலும் உருதுவிலும் எழுதலாம் என்பது நினைவிருக்கட்டும். பாடத்தின் மீதே விருப்பமில்லை என்றால், அது பெற்றோரின் ஆசையேயன்றிப் பிள்ளையின் ஆசையன்று.

மனையை விற்கலாமா?

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிகிறது. தனியார் கல்லூரியில் இலட்சங்களில் போகிறது. அதிலும் அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு கட்டணம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதைவிடக் கூடுதல். முதலாண்டுக் கட்டணத்திற்கு மனை போய்விடும். எஞ்சிய ஆண்டுகளுக்கு வட்டிக் கடனைத் தவிர வேறு வழி தெரியாது. வட்டியின் தீங்கை உங்கள் இல்லங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்துள்ள தம்பி தங்கையரின் படிப்பும் அந்த மனையில் அடங்கியிருக்கிறது அல்லவா? ஐந்தாண்டுக் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

"நீட் இல்லாமலே இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீடாயினும் நீட் தகுதியும் அதிகாரபூர்வமான கலந்தாய்வும் இன்றிச் சேர இயலாது.

கையில் இருக்க வேண்டியவை

சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகியவற்றுள் உங்கள் பிரிவு எதுவோ அது சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று இப்போதே பாருங்கள். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைப் பிரிவில் அடங்குவர். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரிய மத்திய அரசுச் சான்றிதழ் வேறு. தாலுகா அலுவலகத்தில் இரண்டையும் கேட்டறியுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹிஜாபுடன் தேர்வுக்குச் செல்லும் பெண்கள், சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்று தேர்வு முகமை குறிப்பிடுகிறது. கடைசி நேரத்தில் ஓடிச் சென்று பதற்றமடைய வேண்டாம்.

வேறு வாசல்கள்

இடைவெளி பெரிதாக இருந்தால் மருத்துவத் துறையே மூடிவிட்டதாகப் பொருளில்லை. 2025 வரை, தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. செவிலியர் படிப்பும் பி.ஃபார்ம். படிப்பும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே கிடைத்து வந்தன. பற்சுகாதாரப் பணியாளர், செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர் ஆகியோருக்கான பட்டயப் படிப்புகளும் உள்ளன. நீட்டில் ஓரளவு மதிப்பெண் வந்து, உருதும் அறிந்த பிள்ளைகள், 1979 முதல் சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியையும் கருதலாம். இவற்றை "தோற்றவர்கள் போகும் இடம்" என்று எண்ணாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் நள்ளிரவில் நம் தலைமாட்டில் நிற்பவர் பெரும்பாலும் செவிலியரே.

முடிவாகத் திருவொற்றியூர்த் தாய்க்கு: மனையை விற்காதீர்கள். உயிரியலில் மகளுக்குள்ள பிடிப்பு மெய்யானது. ஓராண்டு கொடுங்கள். மூன்று மாதத்திற்கொரு முறை முழுத் தேர்வு எழுதட்டும். இரண்டு முறை எழுதியும் மதிப்பெண் ஏறவில்லையென்றால், அவளையே அழைத்து வைத்து மஷ்வரா செய்யுங்கள். அடுத்த படிப்புக்கான விண்ணப்பத்தையும் உரிய காலத்தில் போட்டு வையுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். அது கணக்குப் போடுவதற்குப் பதிலாக அன்று, கணக்குப் போட்ட பின்பு.

ஜமாஅத் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலிலிருந்து தேர்வுக் கட்டணமும் நூல்களும் வழங்குவது பெரிய செலவன்று. இஷாவுக்குப் பின் மதரஸாவில் ஓர் அறையும் விளக்கும், கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மஹல்லாவின் மூத்த மாணவர் ஒருவரும் போதும். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் தனி வகுப்பு, அதற்கு ஓர் ஆசிரியை. மூன்றே இடங்களுக்கு நம் பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிலை மாறி, பொதுப் போட்டியிலும் இடம் பெறும் நிலை இவ்வாறுதான் வரும்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், நமக்கு அவர்களை உள்ளபடி அறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.