கோடுகளை அழிக்கும் அவசரம்

பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றி ஓட்டிக் காட்டும்போது வாடிக்கையாளர் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: “யாராவது அசைஞ்சா கோடு கோடாத் தெரியுதே சார்!” மாப்பிள்ளை மாலையை உயர்த்தும்போது கையின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். அசையாத மணவறையிலும் வாழைமரத்திலும் அந்தக் கோடு இருக்காது. எப்படியாவது இதை நீக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நம் தொழிலில் நடந்துவரும் சேதம் சிறியதல்ல. பூஞ்சை பிடித்த டேப்பைக்கூடப் பொறுமையாகத் துடைத்து ஓட்டிவிடலாம். கேப்சர் செய்யும்போதே ஒன்றோடொன்று கலந்துபோன ஃபீல்டுகளைப் பிரிக்க வழியில்லை.

அந்தக் கோடுகள் டேப்பின் கோளாறு இல்லை. விஎச்எஸ் டேப்பில் முழு பிரேம் என்று ஒன்று எங்குமே பதிவாவதில்லை. நம் ஊர் ‘பால்’ முறை டெக்கில் ஹெட் டிரம் விநாடிக்கு 25 முறை சுற்றுகிறது. எதிரெதிரே பொருத்திய இரண்டு ஹெட்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சாய்ந்த தடம் போடுகின்றன. ஒரு தடம், ஒரு ஃபீல்டு. ஆக, விநாடிக்கு 50 தடங்கள்; கேமரா பார்த்த 50 வேறு வேறு கணங்கள். ஒன்றுவிட்ட வரிகள் ஒரு கணத்தைச் சேர்ந்தவை. இடையில் விழும் வரிகள் அதற்கு 1/50 விநாடி பிந்தியவை. இந்த அமைப்புதான் இன்டர்லேஸ். குழாய் டிவி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே வரைந்தது. அதனால் அன்று யாருக்கும் கோடு தெரியவில்லை. கணினி இரண்டையும் கோத்து 576 வரிகள் கொண்ட ஒரே படமாக நிறுத்துகிறது. இரண்டு கணங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால்தான் பிளவு தெரிகிறது. அந்தப் பிளவுக்குள் இருப்பது அசைவின் பாதி.

கோட்டை மறைக்கும் எளிய வழிகள் எல்லாமே அந்தப் பாதியைத்தான் பலி கொடுக்கின்றன. இரண்டு ஃபீல்டுகளையும் குழைத்து ஒன்றாக்கினால், ஓடும் குழந்தைக்குப் பின்னால் இன்னொரு வெளிறிய குழந்தை ஓடும். ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்து மற்றதை இழுத்து நிரப்பினால், 288 வரிகளே மிஞ்சும், அசைவும் தட்டித் தட்டி நகரும். இவற்றைவிடக் கெட்டது, டிஇன்டர்லேஸ் செய்வதற்கு, அதாவது ஃபீல்டுகளை முழு பிரேம்களாக மாற்றுவதற்கு, முன்பே படத்தின் உயரத்தை மாற்றுவது. 576-ஐ 720 ஆக்கும்போது பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அவை இரு வேறு கணங்களின் வரிகள் என்பது ஸ்கேலருக்குத் தெரியாது. பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் பயன் கிடையாது. ஏவி வயரைச் செருகினால் எச்டிஎம்ஐ வெளிவரும் மலிவான சிறு பெட்டிகள் பலவும் இந்த வேலையை உள்ளேயே முடித்துவிடுகின்றன. 50-ஐ 60 ஆக்கி அனுப்பும் பெட்டியாக இருந்தால் தாறுமாறான குலுக்கலும் கூடவே வரும். பெட்டியில் 1080 என்று அச்சிட்டிருப்பதை நம்பி அதை வாங்கி வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள், காப்பகக் கேப்சருக்கு அதைப் பயன்படுத்துவதைத் தயவுசெய்து இன்றே நிறுத்த வேண்டும். அப்படிக் குழைந்த படத்தை 4கே ஏஐ மென்பொருளில் ஏற்றினால், அது அந்த நிழல் உருவத்தையும் கூர்மையாக்கிக் கொடுக்கும்.

கேப்சர், இன்டர்லேஸாகவே இருக்கட்டும். 720×576, 4:2:2, இழப்பில்லாத கோடெக். எஃப்எஃப்வி1 இலவசம், 2021-ல் இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப் அதை ஆர்எஃப்சி 9043 என்று வெளியிட்டுவிட்டதால் நாளைக்குத் திறக்குமா என்ற பயமும் வேண்டாம். டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு டிபிசி (டைம் பேஸ் கரெக்டர்) இருந்தால் வரிகளின் ஆட்டம் அடங்கும். ஆடுகிற வரிகளை வைத்துக்கொண்டு எந்த டிஇன்டர்லேசராலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. இந்தக் கோப்புதான் மாஸ்டர். அதைத் தொடக்கூடாது.

வாடிக்கையாளருக்கான நகலை அதிலிருந்து தனியாக, விநாடிக்கு 50 முழு பிரேம்களாக எடுக்க வேண்டும். அவிசிந்த்தில் ஓடும் கியூடிஜிஎம்சி ஃபில்டர் இன்றும் நம்பகமானது. அதை அப்படியே விட்டால் பல காட்சிகளில் முகத்தின் நுண்மையையும் சேர்த்து வழித்துவிடும், மென்மையாக்கும் அளவைக் குறைத்து வையுங்கள். வேகம் குறைவு என்பதால் இரவில் ஓடவிடலாம். அவசர வேலைக்கு எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஃப் ஃபில்டர் போதும். 25 பிரேமாகக் குறைத்துக் கொடுப்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. யூடியூபுக்குப் போகும் நகல் என்றால் மட்டும், டிஇன்டர்லேஸ் செய்த பிறகு 720 அல்லது 1080-க்கு உயர்த்துங்கள். அதற்குக் கீழே இருந்தால் அங்கே 50 பிரேம் 25 ஆகிவிடும்.

ஃபீல்டு வரிசையில் பலரும் இடறுகிறார்கள். மினி டிவி கேசட்டிலிருந்து ஃபயர்வயரில் வருவது கீழ் ஃபீல்டு முதலில். அனலாக் கார்டில் வரும் ‘பால்’ பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். மென்பொருள் சொல்வதை நம்பாமல், வேகமான அசைவுள்ள இடத்தில் ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பாருங்கள். கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் வரிசை தலைகீழ். படத்தின் அடியில் ஹெட் மாறும் இடத்தில் வரும் கிழிசலை மாஸ்டரில் வெட்டாமல் விட்டுவிடுவதே நல்லது. படத்தின் மேலே ஒற்றைப்படை எண்ணில் வரிகளை வெட்டினாலும் இதே வரிசை புரண்டுவிடும்.

கூறைப்புடவையின் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். கோடெல்லாம் போன பிறகும் சிவப்பின் ஓரத்தில் மட்டும் பல் பல்லாகத் தெரிந்தால், 4:2:0-வில் இன்டர்லேஸாகப் பதிந்த நிறத்தை மென்பொருள் முழு பிரேமாக நினைத்து விரித்திருக்கிறது என்று பொருள். ‘பால்’ மினி டிவி கேசட்டிலும் டிவிடியிலும் இது அடிக்கடி வரும். நிறத்தை விரிக்கும் படியில் இன்டர்லேஸ் என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும். நம் கேசட்டுகளில் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இதைச் சோதிக்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மணிக்கணக்கில் செலவாகும், ஒரு கேசட்டுக்கு நூறோ இருநூறோ வாங்கும் இடத்தில் கட்டுப்படியாகாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஹெட்டும் பெல்ட்டும் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது. நாம் கொடுக்கும் கோப்பு கிடைத்ததும் பல குடும்பங்கள் கேசட்டைக் குப்பையில் போட்டுவிடுகின்றன. அவர்களுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது என்று எண்ணித்தான் விலை வைக்க வேண்டும். மாஸ்டருக்கும் நகலுக்கும் சேர்த்து ஒரே விலை வைத்து, இரண்டையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் கொடுக்கலாம். மாஸ்டரில் கோடு தெரியும், அது தெரிய வேண்டியதுதான் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி உள்ளே வைத்துவிட்டால் திரும்பி வரும் சண்டை பாதி குறையும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் கேசட்டுகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் எடுத்தது ‘பால்’, டொராண்டோவில் என்டிஎஸ்சி, பாரிசில் ஒளிபரப்பு செகாம். உறவினர்களுக்கு அனுப்புவதற்காக அன்றே முறை மாற்றி நகல் எடுத்தார்கள். 60 ஃபீல்டை 50 ஆக்கிய அந்தக் கருவிகள் சில ஃபீல்டுகளை விட்டுவிடும் அல்லது பக்கத்தவற்றோடு குழைத்துவிடும். அந்தக் குழைவு டேப்பிலேயே இருப்பதால் நம் ஃபில்டர் எதுவும் அதைத் தீர்க்காது. சென்னைக்கு வந்த கேசட்டில் டொராண்டோ மண்டபம் தெரிந்தால், வேலையைத் தொடங்கும் முன் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதோட ஒரிஜினல் கனடாவுல யார்கிட்ட இருக்கு?” பல நேரம் யாரோ ஒரு சித்தப்பா வீட்டு அலமாரியில் அது இருக்கும். அதை அங்கேயே ஒரு என்டிஎஸ்சி டெக்கில், 720×480-இல் இன்டர்லேஸாகவே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.